பாகும் கண்ணாடியும்

(மேனிலை வகுப்பு அறிவியல் மன்ற மாணவியர்)

திடம், திரவம், வாயு எனப் பொருள்களின் நிலை மூன்று வகைப்படும் என்பது நாம் சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்த பாடம். பனிக்கட்டி திடம், தண்ணீர் திரவம், நீராவி வாயு. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் கண்ணாடி எந்த நிலையைச் சேர்ந்தது?

"இது என்ன கேள்வி? கல்லைப் போல் கடினமாயிருக்கிறதே, திடந்தான்" என்பார் ஒருவர். "இல்லை, அது மிக மிக மெதுவாக ஓடும் திரவம். ஐரோப்பாவின் பழைய பேராலயங்களில் சன்னல் கண்ணாடிகள் கீழ்ப்பக்கம் தடித்திருக்கின்றன. பல நூறு ஆண்டுகளாகக் கண்ணாடி கீழ்நோக்கி வழிந்ததற்கு அதுவே சான்று" என்பார் மற்றொருவர். இந்த இரண்டாவது விடையைப் பாடநூல்கள் பலவும் நெடுங்காலம் சொல்லி வந்தன. தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்களும் நம் பெற்றோரிடையே இருப்பார்கள். எது சரி என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. கரும்பு விளையும் நம் தேனி மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியும் இதற்குப் போதும்.

ஒரே பாகு, மூன்று உருவம்

எங்கள் மன்றத்தார் மனையியல் அறையில், சிஸ்டர் அவர்களின் மேற்பார்வையில் ஒரு சோதனை செய்தோம். சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்து அடுப்பிலேற்றிப் பாகு காய்ச்சினோம். அதை மூன்று பங்காக மூன்று பதத்தில் இறக்கினோம்.

முதல் பங்கை இளம்பாகாக இருக்கும்போதே ஒரு குவளையில் ஊற்றினோம். சர்க்கரைத் துகள் ஒட்டிய ஒரு நூலை அதில் தொங்கவிட்டு, மெல்லிய துணியால் மூடி, ஆட்டாமல் அசைக்காமல் அலமாரியில் வைத்தோம். சில நாட்களில் நூலைச் சுற்றிச் சிறு சிறு மணிகள் தோன்றின. மூன்று வாரத்தில் அவை பட்டை தீட்டியது போன்ற முகங்களுடன் கற்கண்டாக வளர்ந்திருந்தன.

இரண்டாம் பங்கை 120 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, ஆற ஆறக் கரண்டியால் விடாமல் கிண்டினோம். சற்று நேரத்தில் பளபளப்பு மறைந்தது. பாகு பூத்து, வெள்ளை மணல் போல் உதிரத் தொடங்கியது. வெல்ல ஆலைகளில் கொப்பரையிலிருந்து இறக்கிய பாகை ஆற ஆறக் கிண்டிவிடுவதும் இந்த மணற்பாங்கு வருவதற்காகத்தான்.

மூன்றாம் பங்கை மேலும் காய்ச்சினோம். 150 டிகிரி அளவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'ணங்' என்று ஒலித்தது. கடலைமிட்டாய்க்கு நம் தாய்மார் பார்க்கும் பதம் இதுவே. உடனே எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றினோம். சில நிமிடங்களில் பொன்னிறத்தில், மறுபக்கம் தெரியும்படி, தட்டினால் சுக்குநூறாக உடையும் ஒரு தகடு கிடைத்தது.

அந்தத் தகடு கண்ணாடியைப் போல் இருந்தது என்று சொல்வது போதாது. அறிவியலின்படி அது கண்ணாடியே! மணலை உருக்கிச் செய்தது சன்னல் கண்ணாடி. சர்க்கரையை உருக்கிச் செய்தது மிட்டாய்க் கண்ணாடி. கண்ணாடி என்பது ஒரு பொருளின் பெயர் மட்டுமன்று. ஒரு நிலையின் பெயரும் ஆகும்.

(இச்சோதனையைச் செய்து பார்க்க விரும்பும் தங்கையர் கட்டாயம் பெரியவர்களை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். முற்றிய பாகு கொதிநீரைவிட வெகு அதிகச் சூடுள்ளது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும்.)

வரிசையும் நெரிசலும்

கற்கண்டிலும் சர்க்கரை, மிட்டாயிலும் சர்க்கரை. பின் ஏன் இந்த வேறுபாடு? இதை நம் பள்ளி மைதானத்தைக் கொண்டே விளக்கலாம்.

காலையில் இறைவணக்கத்துக்கு மணி அடிக்கிறது. ஓடி விளையாடிக்கொண்டிருந்த மாணவியர் ஒவ்வொருவரும் தத்தம் வகுப்பு வரிசையைத் தேடி, உயரத்தின்படி தம் இடத்தில் நிற்கின்றனர். இதற்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். அந்நேரம் கிடைத்தால் மைதானத்தில் அழகான வரிசைகள் அமைகின்றன. மூலக்கூறுகள் இவ்வாறு வரிசையாக அடுக்கி நிற்பதே படிகம். கற்கண்டு, உப்பு, பனிக்கட்டி யாவும் படிகங்கள்.

இப்போது வேறொன்றை நினைத்துப் பாருங்கள். மாணவியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நாம் விளையாடும் 'ஸ்டாச்சு' விளையாட்டில் போல, "அசையக் கூடாது!" என்று ஆணை பிறக்கிறது. யார் எங்கு நிற்கிறாரோ அங்கேயே நின்றுவிடுகிறார். வரிசை இல்லை, ஆனால் அசைவும் இல்லை. தூரத்திலிருந்து படம் பிடித்தால், ஓடும் கூட்டத்தின் படத்துக்கும் நிற்கும் கூட்டத்தின் படத்துக்கும் வேறுபாடு தெரியாது. இதுவே கண்ணாடி. திரவத்தின் கலைந்த அமைப்பும் திடத்தின் அசையாமையும் ஒன்றாய்ச் சேர்ந்த நிலை அது.

ஆகவே, பாகு படிகமாவதா கண்ணாடியாவதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நேரம். மெல்ல ஆறினால் வரிசை அமையும். விரைந்து ஆறினால் அமையாது. உலோகங்கள் மிக வேகமாக வரிசை கட்டுபவை. எனவே அவற்றைக் கண்ணாடியாக்குவது கடினம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் போல் டூவே என்பவரும் அவருடைய குழுவினரும் பொன்னும் சிலிக்கனும் கலந்த உருக்கை நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்வித்து உலோகக் கண்ணாடியைப் படைத்தனர். மணலில் உள்ள சிலிக்காவோ இதற்கு நேர்மாறு. அதன் உருக்கு மிகவும் கெட்டியானது; வரிசை கட்ட மிகச் சோம்பல்படுவது. அதனால் சாதாரணமாக ஆறினாலே கண்ணாடியாகிவிடும்.

பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சைச்சாறு பிழிந்தால் அது பூக்காது என்று பாட்டிமார் சொல்வதும் இதைச் சேர்ந்ததே. புளிப்பு, சர்க்கரை மூலக்கூறுகளில் சிலவற்றைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனப் பிளக்கிறது. வேற்று வகுப்பு மாணவியர் இடையிடையே புகுந்தால் வரிசை குலைவது போல, அவை படிகம் அமையவிடாமல் தடுக்கின்றன.

பாகுநிலை

திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைப் பாடநூல் 'பாகுநிலை' என்கிறது. பாகு என்ற அடுப்படிச் சொல்லே அறிவியல் சொல்லாக ஆனது எத்தனை பொருத்தம்! தேனின் பாகுநிலை தண்ணீரைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு. அப்படியானால் கண்ணாடி?

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். அதற்கு அரை டிகிரி கீழே கல், அரை டிகிரி மேலே தண்ணீர். கண்ணாடிக்கு இத்தகைய உருகுநிலை கிடையாது. உலையில் ஏறத்தாழ 1,500 டிகிரியில் உருக்கிய சன்னல் கண்ணாடி, சூடு குறையக் குறையத் தேன் போலவும், பிறகு பிசைந்த மாவு போலவும் ஆகி, 550 டிகிரி அளவில் கல்லாகிறது. அப்போது அதன் பாகுநிலை தண்ணீரைப் போல் பத்துக் கோடி கோடி மடங்கு! மூலக்கூறுகள் ஒருமுறை இடம் மாறச் சுமார் 100 நொடி பிடிக்கும். இதையே 'கண்ணாடி நிலைமாற்றம்' என்கிறோம். அதற்கும் கீழே குளிர்ந்தால் இடமாற்றம் அநேகமாக நின்றே போகிறது.

உருகுநிலை இல்லாதது குறையன்று. அதுவே கண்ணாடியின் சிறப்பு. தேனுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட பதத்தில்தான் கைவினைஞர் கண்ணாடியை ஊதலாம், இழுக்கலாம், வளைக்கலாம். நம் வளையல்கள் பிறப்பதும் அந்தப் பதத்தில்தான்.

இக்கலை தமிழகத்துக்குப் புதியதன்று. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ஏராளமான கண்ணாடி மணிகள் கிடைத்தன. இளகிய கண்ணாடியை நடுவில் துளையுள்ள நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்கி அம்மணிகளைச் செய்தனர். நம் வருசநாட்டு மலைகளில் தோன்றி, வைகை அணையையும் மதுரையையும் கடந்து செல்லும் வைகைக் கரையிலுள்ள கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியில் நமக்குச் சாட்சி சொல்ல வருவார்கள்.

பேராலயச் சன்னலின் வழக்கு

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். பழைய சன்னல் கண்ணாடி வழிகிறதா?

மிக மெதுவாக ஓடும் பொருள்கள் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927ஆம் ஆண்டில் தாமஸ் பார்னல் என்ற பேராசிரியர், தாரைப் போன்ற பிட்ச் என்னும் கரும்பொருளைச் சூடாக்கி ஒரு புனலில் ஊற்றினார். சுத்தியலால் தட்டினால் உடைந்து சிதறும் பொருள் அது. மூன்று ஆண்டுகள் படியவிட்டு, 1930இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். 2014 வரையில் அதிலிருந்து விழுந்தவை ஒன்பதே சொட்டுகள்! 1961 முதல் அதைப் பராமரித்து வந்த ஜான் மெயின்ஸ்டோன், ஒரு சொட்டு விழுவதைக்கூடக் கண்ணால் காணாமலே 2013இல் காலமானார். பிட்ச்சின் பாகுநிலை தண்ணீரைப் போல் 23,000 கோடி மடங்கு. இது உண்மையிலேயே மெதுவாக ஓடும் திரவம்.

கண்ணாடியும் இப்படித்தானா? பிரேசில் நாட்டு அறிஞர் எட்கர் சனோட்டோ 1998இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியுமளவு வழிய, இப்பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளும் கொஞ்சமும் போதா என்று கண்டார். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் இடைக்காலக் கண்ணாடியின் கலவையிலேயே கண்ணாடி உருக்கி அளந்தனர். அவர்கள் கண்ட விடை: நூறு கோடி ஆண்டுகளில் அதிகபட்சம் ஒரு நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! பேராலயங்களின் வயதோ ஆயிரம் ஆண்டுகளுக்குள்தான்.

அப்படியென்றால் கீழ்ப்பக்கம் தடித்தது எப்படி? அக்காலத்தில் உருகிய கண்ணாடியைக் குழலால் ஊதி, சுழற்றி விரித்துத் தகடாக்கினார்கள். அத்தகடு எங்கும் ஒரே பருமனாக அமைவதில்லை. சன்னலில் பொருத்தியவர்கள் பல வேளைகளில் தடித்த விளிம்பைக் கீழே வைத்தார்கள். தடித்த பக்கம் மேலேயும் பக்கவாட்டிலும் அமைந்த சன்னல்களும் உண்டு. கண்ணாடி மேல்நோக்கி வழியுமா?

நம் சாட்சிகளையும் கேட்போம். இரண்டாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த மணிகளில் நூல் கோக்கும் சிறு துளை இன்றும் திறந்தே இருக்கிறது. கண்ணாடி வழிவது உண்மையானால், அந்தத் துளைகள் முதலில் தூர்ந்திருக்க வேண்டுமல்லவா? வைகைக் கரை மணி சொல்லும் தீர்ப்பும் அறிஞர் கணக்கின் தீர்ப்பும் ஒன்றே. நம் சன்னலில் இருக்கும் கண்ணாடி வழிவதில்லை. அது வரிசையில்லாத திடம்.

சாரல் காலத்து மிட்டாய்

"ஆனால் மிட்டாய் இளகுகிறதே!" என்று தங்கையர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் வீசும்போது, கம்பம், கூடலூர்ப் பக்கத்துக் கடைகளில் திறந்து வைத்த கடலைமிட்டாய் நொறுங்காமல் பிசுபிசுக்கும். வெயில் இல்லாத நாளில் இளகுவானேன்?

காரணம் ஈரம். நீரே இல்லாத சர்க்கரைக் கண்ணாடி 60 முதல் 70 டிகிரி வரையில்தான் இளகும். ஆனால் நீர் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, துள்ளித் திரிபவை. நூற்றுக்குச் சில பங்கு நீரைக் காற்றிலிருந்து மிட்டாய் இழுத்துக்கொண்டாலே இளகும் வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு அருகில் இறங்கிவிடுகிறது. சூடேறாமலே கண்ணாடி மீண்டும் பாகாகிறது. காற்றுப் புகாத டப்பாவில் மிட்டாயை அடைத்து வைப்பதன் அறிவியல் இதுவே.

இதே விதி நம் வயல்களின் உயிரையும் காக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் விளையும் நெல்லில் விதைக்கென ஒதுக்கியதை உழவர்கள் நன்றாகக் காயவைத்துச் சேமிக்கின்றனர். விதை காயும்போது அதன் உயிரணுக்களுக்குள் உள்ள சர்க்கரையும் புரதமும் கலந்த கெட்டித் திரவம் கண்ணாடி நிலையை அடைகிறது. உள்ளே நடக்கும் சிதைவுகள் மிக மெதுவாகின்றன, உயிர் காத்திருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்து ஈரம் ஏறிய விதையில் அந்தக் கண்ணாடி இளகிவிடும்; முளைப்புத்திறன் விரைவில் குன்றும். ஒரு வீட்டின் அடுத்த போகம், அதன் விதைக் குதிருக்குள் இருக்கும் கண்ணாடியை நம்பியிருக்கிறது என்றால் மிகையாகாது.

விடை காணாத வினா

இவ்வளவும் தெரிந்த பின் கண்ணாடியைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணலாகாது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது மூலக்கூறுகள் வரிசை கட்டுகின்றன. அது ஏன் கல்லாகிறது என்பது புரிகிறது. பாகு கண்ணாடியாகும்போது வரிசை எதுவும் அமையவில்லை. மூலக்கூறுகளின் அமைப்பில் பெரிய மாற்றம் இல்லாமலே பாகுநிலை மட்டும் கோடி கோடி மடங்கு ஏறுவது ஏன்?

தேனி வாரச்சந்தையின் நெரிசலை எண்ணிப் பாருங்கள். முன்னே நிற்பவர் நகர்ந்தாலன்றி நாம் நகர முடியாது. அவருக்கு முன்னவர் நகர்ந்தாலன்றி அவரும் நகர முடியாது. குளிரக் குளிர மூலக்கூறுகளும் இவ்வாறே ஒன்றையொன்று சிறைப்படுத்துகின்றன. கூட்டமாகச் சேர்ந்து நகர்ந்தால்தான் வழி பிறக்கும். இதுவரையில் அறிஞர்கள் உடன்படுகின்றனர். ஆனால் இது வெறும் நெரிசல்தானா, அல்லது அதற்கு அடியில் உண்மையான ஒரு நிலைமாற்றம் ஒளிந்திருக்கிறதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இந்தப் புதிரை 1948இல் வால்டர் காஸ்மன் என்ற அமெரிக்க வேதியியலார் கூர்மையாக எடுத்துக் காட்டினார். திரவம் குளிரும்போது அதன் ஒழுங்கின்மை, படிகத்தின் ஒழுங்கின்மையைவிட விரைவாகக் குறைகிறது. அந்தக் கோட்டை வரைபடத்தில் நீட்டிக்கொண்டே போனால், ஒரு வெப்பநிலைக்குக் கீழே, கலைந்து கிடக்கும் திரவம் அடுக்கி வைத்த படிகத்தைவிட ஒழுங்குடையதாகிவிடும்! அந்த இடத்தை எட்டுமுன் திரவம் எப்போதும் கண்ணாடியாகிவிடுகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் பிலிப் ஆண்டர்சன், கண்ணாடியின் இயல்பைத் திடப்பொருள் அறிவியலில் தீர்க்கப்படாத மிக ஆழமான சிக்கலாகலாம் என்று 1995இல் குறிப்பிட்டார்.

இத்துறையில் நம் நாட்டவரும் உழைத்துள்ளனர். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் சாஸ்திரி, குளிரும் திரவங்களின் மூலக்கூறு அசைவுகளைக் கணிப்பொறியில் படைத்து ஆராய்ந்தவர். டில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாக இருந்த சாருசீதா சக்ரவர்த்தி, தண்ணீர், சிலிக்கா போன்ற திரவங்களில் ஒழுங்கின்மைக்கும் மூலக்கூறுகளின் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 2009இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்ற அவர், 2016இல் தம் 51ஆம் வயதில் மறைந்தார். கணிதமும் வேதியியலும் இயற்பியலும் ஒருங்கே வேண்டிய இக்கடினமான துறையில் ஒரு பெண்மணி இத்துணை உயரம் எட்டியது நமக்கெல்லாம் ஊக்கம் அளிப்பதாகும்.

எனவே தோழியரே, தேர்வில் "கண்ணாடி என்பது என்ன?" என்று கேட்டால், "வரிசை கட்ட நேரம் கிடைக்காமல், திரவத்தின் கலைந்த அமைப்புடனேயே உறைந்து நின்ற திடம்" என எழுதுவோம். "அது ஏன் அவ்வாறு உறைகிறது?" என்று கேட்டால், அதற்கான முழு விடை இன்னும் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அந்தப் பக்கம் வெற்றாகவே இருக்கிறது. நிரப்பப் போகிறவர் நம்முள் ஒருத்தியாகவும் இருக்கலாம். அடுத்த முறை அம்மா பாகு காய்ச்சும்போது அருகில் நின்று பதம் பார்ப்போம். ஏன் என்று கேட்போம்.